₹18,600 கொடுத்து வாங்கிய வெடித்த சிகார்கள்: இந்த மாதிரிக் கடையிடம் உஷார்

இன்ஸ்டாவில் பார்த்து வாட்ஸ்அப்பில் சிகார் ஆர்டர் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். போனது ₹18,600, வந்தது இலை வெடித்துப் பிளந்த சிகார்கள். புகார் ஓடிக்கொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை, ஆனால் வகையைச் சொல்லலாம். பெயருக்கு ஒரு வெப்சைட் இருக்கும், வியாபாரம் முழுக்க வாட்ஸ்அப்பில் நடக்கும், "சென்னையிலேயே ஹியூமிடர் ரூம் வெச்சிருக்கோம் சார்" என்று வாய் நிறையச் சொல்வார்கள். ஹியூமிடர் என்றால் சிகாரை ஈரப்பதம் மாறாமல் வைக்கும் பெட்டி அல்லது அறை. வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகத் தருகிறேன்.

புகையிலை உடம்புக்குக் கெடுதல் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பெட்டி மேலேயே படத்தோடு போட்டிருக்கும். இந்தப் பெட்டியில் அதுவும் இல்லை, அந்தக் கதை பின்னால் வருகிறது.

வாங்கியது நிகரகுவாவில் சுற்றிய ரொபஸ்டோ (குட்டையான, தடித்த சிகார் வகை), 5 அங்குல நீளம், 50 ரிங் தடிமன், எக்குவடோரில் விளைந்த கனெக்டிகட் ரேப்பர், அதாவது வெளியே சுற்றும் இலை. பெட்டிக்கு 20, ஒன்று ₹930. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனி சுருட்டு சுற்றிய காலத்து ஆட்கள் இந்த விலையைக் கேட்டால் சிரிப்பார்கள், இருக்கட்டும். கனெக்டிகட் ரேப்பர் மெல்லிசு. மதுரோ மாதிரித் தடித்த இலை தாங்குகிற வறட்சியை இது தாங்காது. விற்கிறவனுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

நம்ப வைத்தது ஒரு வீடியோ. மரத் தட்டுகள், நடுவில் ஈரப்பதம் அளக்கும் டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர், அதில் 69 சதவீதம், 19 டிகிரி. அந்தப் பெட்டியையே எடுத்துக் காட்டி, மூடியைத் திறந்து, ஒரு சிகாரை விரலால் லேசாக அமுக்கி விட்டதும் அது நிமிர்கிறது. ஈரம் சரியாக இருக்கும் சிகார் அப்படித்தான் நிமிரும், அதில் பொய் சொல்ல முடியாது. பின்னணியில் குரல்: "உங்க பாக்ஸ் இதுதான் சார். ஜிப்லாக் போட்டு, 69 சதவீத ஈரப்பதப் பாக்கெட் வெச்சு, தெர்மகோல் பெட்டியில அனுப்புவோம். ஒரு ஸ்டிக் உடைஞ்சாலும் மாத்தித் தருவோம்." கார்டில் போட்டால் 2 சதவீதம் கூடுதல், யூபிஐ என்றால் இல்லை என்றார்கள். வந்த க்யூஆரில் கடையின் பெயர் இல்லை, ஒரு தனி ஆளின் பெயர். "ஓனர் அக்கவுண்ட் சார், ஜிஎஸ்டி பில் பெட்டிக்குள்ளேயே இருக்கும்." ₹18,600 அந்த நிமிஷமே போய்ச் சேர்ந்தது.

டிராக்கிங் எண் வந்தபோதே சங்கதி உடைந்தது. பார்சலை எடுத்த இடம் சென்னை இல்லை, டெல்லிக்குப் பக்கத்துக் குடோன். மே மாதத்தில் அந்தப் பக்கம் பகல் வெயில் 40 டிகிரிக்கு மேலே, காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழேகூட இறங்கும். சிகாருக்கு வேண்டியது 65 முதல் 70.

வந்த லட்சணம்: தெர்மகோல் இல்லை, ஜிப்லாக் இல்லை. ஒரே சுற்று பபிள் ராப், மேலே கூரியர் பிளாஸ்டிக் கவர். உள்ளே ஈரப்பதப் பாக்கெட் ஒன்று இருந்தது, அப்பளம் மாதிரி விறைத்துப் போய். அந்தப் பாக்கெட்டுக்குள் இருப்பது உப்புக் கரைசல். நல்ல நிலையில் கொழகொழவென்று இருக்கும், தண்ணீர் முழுக்கப் போனபின்தான் விறைக்கும். ஒரு பார்சல் போய்ச் சேரும் நாட்களில் 60 கிராம் பாக்கெட் அப்படிக் காயாது. ஏற்கெனவே செத்ததை எடுத்து உள்ளே போட்டிருக்கிறார்கள்.

20இல் 14 வெடித்தவை. ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து இரண்டு விரலால் உருட்டினால் நொறுநொறுவென்று சத்தம். நெருப்பு வைக்கும் முனையிலிருந்து புகையிலைத் தூள் கொட்டுகிறது. செல்லோபேன் உறைக்குள் அடியில் ரேப்பர் செதில்கள். வெடிப்பெல்லாம் நீளவாக்கில், இலை நரம்பை ஒட்டி. சிகாரைச் சுற்றியிருக்கும் காகித வளையமான பேண்டைத் தொட்டால் மோதிரம் மாதிரி வழுக்கிக்கொண்டு கீழே இறங்குகிறது. பேண்டை சிகாரில் ஒட்டுவதில்லை, அதன் இரு முனைகளைத்தான் ஒன்றோடொன்று ஒட்டுவார்கள். சிகார் சுருங்கினால் பேண்ட் தொளதொளக்கும். ரிங் என்பது அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு, ஆகவே 50 ரிங் என்றால் 19.8 மி.மீ. இருக்க வேண்டும். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்ததில் பல ஸ்டிக் 19 மி.மீ.கூட வரவில்லை. இது நாலு நாள் லாரியில் காய்ந்தது இல்லை, மாதக்கணக்கில் ஏசி ரூமிலோ அலமாரியிலோ கிடந்து காய்ந்த சரக்கு. செல்லோபேனும் மஞ்சள் பூத்திருந்தது. புது உறை கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், புகையிலை எண்ணெய் ஏறி மஞ்சளாக வருஷக்கணக்கு ஆகும்.

இனி அவர்கள் சொன்ன பதில்களும், அவை ஏன் பொய் என்பதும். இதே வசனம் உங்களுக்கும் வரும்.

"கூரியர்காரன் போட்ட டேமேஜ் சார், அவங்ககிட்ட கிளெய்ம் பண்ணுங்க." அடிபட்ட சிகாரின் அடையாளம் வேறு. பெட்டி மூலை நசுங்கியிருக்கும், ஓரத்தில் இருக்கும் ஒன்றிரண்டு ஸ்டிக் தட்டையாகும், முனை சிதறும், ரேப்பர் குறுக்கே கிழியும், மீதி நன்றாக இருக்கும். இங்கே மூலை நான்கும் முழுசு, வெடிப்பு நடுவரிசையிலும் ஓரவரிசையிலும் ஒரே மாதிரி. பார்சலை புக் செய்தது அவர்கள், கிளெய்ம் போட வேண்டியவர்களும் அவர்களே.

"சென்னை ஈரத்துல வெடிச்சிருக்கும் சார்." ஈரம் அதிகமாகி வெடிப்பதும் உண்டுதான். 75 சதவீதத்துக்கு மேல் போனால் உள்ளே அடைத்திருக்கும் புகையிலை (ஃபில்லர்) தண்ணீர் குடித்து உப்பும், ரேப்பரால் அந்த அளவுக்கு இழுபட முடியாது, முனையில் ஆரம்பித்து மேலே கிழியும். ஆனால் அப்படிப்பட்ட சிகார் தடித்திருக்கும், அமுக்கினால் பஞ்சு மாதிரி இருக்கும். இவை மெலிந்தவை.

ஜிப்லாக் பையில் நாலு சிகாரோடு ஹைக்ரோமீட்டரையும் போட்டு ஒரு ராத்திரி வைத்து, காலையில் 49 காட்டிய போட்டோவை அனுப்பினேன். "உங்க மீட்டர் தப்பு சார்" என்று பதில். மீட்டரைச் சோதிக்க வழி இருக்கிறது. தண்ணீர் பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பை நிரப்பி, சேறு பதம் வரும் வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு ஒரு பையில் காற்றுப் புகாமல் மூடி 8 மணி நேரம் விட்டால் 75 காட்ட வேண்டும். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது, அதுதான் முக்கியம். இந்த மீட்டர் 74 காட்டியது. அந்தப் போட்டோவுக்கு நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை.

அப்புறம் இன்னொரு ஆள் போனில். "நேச்சுரல் ப்ராடக்ட் ப்ரோ, கொஞ்சம் கிராக் சகஜம். ஹியூமிடர்ல ஒரு வாரம் வைங்க, கூடிடும்." கூடாது. செத்த இலை, தோல் மாதிரி மூட அது உயிரோடு இல்லை. அதைவிட மோசம், காய்ந்ததைக் கொண்டுபோய் நேராக 70 சதவீத ஹியூமிடரில் வைத்தால் உள்ளே இருப்பது வேகமாக உப்பி, நன்றாக இருந்த ஆறும் வெடிக்கும். இந்த யோசனையைக் கேட்டு யாரும் மீதியையும் பாழாக்கிவிடாதீர்கள்.

கடைசி வசனம்: "புகையிலைக்கு ரிட்டர்ன் பாலிசி இல்லை. குட்வில்லா அடுத்த ஆர்டர்ல ₹1,500 கழிச்சுக்கிறோம்." ₹18,600க்கு ₹1,500, அதுவும் மறுபடி வாங்கினால்! 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளில் தெளிவாக இருக்கிறது. குறையுள்ள பொருளையோ, சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப எடுக்கவும் பணம் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது. குறைதீர் அலுவலர் என்று ஒருவர் இருந்தாக வேண்டும், அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இந்த வெப்சைட்டில் அப்படி ஒரு பெயரே இல்லை.

பெட்டிக்கு வருவோம். இந்தியாவில் முறையாக இறக்குமதியான பெட்டி என்றால் முகப்பில் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம், இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, மாதம், வருஷம் எல்லாம் இருக்க வேண்டும். வீடியோவில் காட்டிய பெட்டியில் படமும் ஸ்டிக்கரும் இருந்தன, இப்போது நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது. வந்த பெட்டியில் எதுவும் இல்லை. ஜிஎஸ்டி பில்லும் இல்லை. அதாவது காட்டியது ஒன்று, அனுப்பியது வேறு. உடைந்த சரக்கு வந்தது என்பதல்ல விஷயம், பெட்டியையே மாற்றியிருக்கிறார்கள்.

இதே நிலையில் இருப்பவர்கள் தேற்ற முடிந்ததைத் தேற்றுங்கள். ஆனால் முதலில் போட்டோ, வீடியோ எல்லாம் எடுத்து முடித்த பிறகு, பணம் திரும்ப வராது என்று உறுதியான பிறகு. ஒன்றிரண்டை அப்படியே அத்தாட்சிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, 25 சிகார் வரை 60 கிராம் பாக்கெட் ஒன்று. முதலில் 62 சதவீதப் பாக்கெட் போட்டு இரண்டு வாரம், பிறகு 65, அதற்குப் பிறகுதான் 69. வாரம் ஒருமுறை சிகாரைக் கால் சுற்று திருப்பி, மேலே இருப்பதைக் கீழே மாற்றுங்கள். ஏசி ரூமும் வேண்டாம், வெயில் ஜன்னலும் வேண்டாம். சின்னச் சின்ன வட்ட ஓட்டை தெரிந்தால் அது வெடிப்பு இல்லை, வண்டு. அதை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். ஜிப்லாக்கில் போட்டு ஒரு நாள் ஃப்ரிட்ஜ், மூன்று நாள் ஃப்ரீசர், திரும்ப ஒரு நாள் ஃப்ரிட்ஜ். நேராக ஃப்ரீசரில் போட்டு நேராக வெளியே எடுத்தால் அதுவே ஒரு வெடிப்பு.

ஈரம் ஏறிய பிறகுதான் ஒட்ட வேண்டும், காய்ந்த இலையில் பசை தடவினால் பக்கத்தில் புதிதாகப் பிளக்கும். பற்ற வைக்கும் முனையில் அரை அங்குல வெடிப்பு என்றால் விட்டுவிடுங்கள், எரிந்து போய்விடும். தலைப்பக்கம், அதாவது வாயில் வைக்கும் முனை என்றால், அதை மூடியிருக்கும் இலைத் தொப்பிக்குள் அடங்குகிறதா பாருங்கள், அடங்கினால் வெட்டும்போது போய்விடும். நடு உடம்பில் இருப்பதுதான் தலைவலி. அந்த வழியாகக் காற்று புகுந்து ஒரு பக்கமாகவே எரியும், சூட்டில் ரேப்பர் சுருள் அவிழும். கால் டீஸ்பூன் பெக்டின் பொடியை ஒரு டேபிள்ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து, பசையானதும் விரல் நுனியால் மெல்லிசாக வெடிப்புக்கு அடியில் தடவி அழுத்துங்கள். இலை பிய்ந்தே போயிருந்தால், தேறாத ஒரு சிகாரைப் பலி கொடுத்து அதன் ரேப்பரிலிருந்து ஓட்டையைவிடச் சற்றுப் பெரிய துண்டை வெட்டி, நரம்பு ஒரே திசையில் வருமாறு ஒட்டுங்கள். ஒரு நாள் டப்பாவில் ஆற விடுங்கள். கடையில் விற்கும் கைவேலைப் பசைகள் எதுவும் கூடாது, அந்தப் புகையை நீங்கள்தான் வாயில் இழுக்கப் போகிறீர்கள். இதெல்லாம் செய்தாலும் போன எண்ணெயும் வாசனையும் வராது. புகைக்கலாம், ₹930க்கு உண்டான ருசி இருக்காது.

விவரமாகத் தருகிறேன் என்றேன், எழுத எழுத ஆத்திரம்தான் வருகிறது. சுருக்கமாக: தனி ஆள் யூபிஐக்குப் போடாதீர்கள், கார்டில் போட்டால் பேங்கில் தகராறு எழுப்பவாவது வழி இருக்கும். பணத்துக்கு முன்னாலேயே பில்லும் பார்சல் கிளம்பும் ஊரும் எழுத்தில் வாங்குங்கள். எச்சரிக்கைப் படம், ஸ்டிக்கர் இல்லாத பெட்டி வேண்டாம். கூரியர் கவரைப் பிரிப்பதிலிருந்து பேண்ட் வழுக்குவது வரை ஒரே வீடியோவாக எடுங்கள், கட் இருந்தால் "எடிட் பண்ணிட்டீங்க" என்பார்கள். வாட்ஸ்அப் சாட்டை உடனே எக்ஸ்போர்ட் செய்யுங்கள், டெலிட் ஃபார் எவ்ரிஒன் போடுகிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை.

இன்று மதியம் புதிய எண்ணிலிருந்து மெசேஜ்: "சார், ரீப்ளேஸ்மென்ட் ரெடி. கஸ்டம்ஸ் டியூட்டி ₹2,200 மட்டும் இந்த க்யூஆர்ல போட்டா இன்னிக்கே டிஸ்பேட்ச்." சென்னை ஹியூமிடர் ரூமில் இருக்கும் பெட்டிக்கு எங்கிருந்து வந்தது கஸ்டம்ஸ்? இதே ₹18,600 கதையில் ஏற்கெனவே மாட்டியவர்களுக்கு இந்த மெசேஜும் வரும். ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். எண்ணை பிளாக் செய்வதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.