ராணுவ உபரி ஒரு டன் ட்ரெய்லர்: பொலிரோ, 407, சக்திமான் மூன்றுக்கும் பின்னால்

ஏலத்தில் கழித்து வரும் இரண்டு சக்கர ஒரு டன் ராணுவ ட்ரெய்லர் வாங்கும்போது மலிவு. வண்டியோடு சேர்க்கும்போதுதான் பணம் கரையும். பெட்டி, சேஸ், ஆக்சில் எல்லாம் உள்ளூர் பட்டறையில் புதிதாக அடிப்பதைவிடத் தடித்த இரும்பு. அதில் குறை சொல்ல இடமில்லை. "அண்ணாச்சி, மிலிட்டரி சாமான், ஒண்ணும் ஆகாது" என்று விற்பவர் சொல்வதும் அந்த மட்டுக்கு உண்மை. ஆனால் கொக்கி, கரண்ட், பிரேக் மூன்றும் ராணுவ லாரிக்கென்று அமைந்தவை. நெல்லைப் பக்கம் இதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மாட்டுவது பொலிரோ பிக்கப்பிலோ டாடா 407இலோ.

முதலில் உயரம். சக்திமான் மாதிரி ராணுவ லாரியில் கொக்கி இடுப்பளவு இருக்கும். பிக்கப்பில் முழங்காலுக்குச் சற்று மேலே. அப்படியே மாட்டினால் ட்ரெய்லரின் மூக்கு குனிந்து, சுமை முன்னே சரிந்து, பிக்கப்பின் பின்புறம் அமுங்கும். முன்சக்கரத்தில் பாரம் குறைவதால் ஸ்டீயரிங் லேசாகிவிடும். ஓட்டுபவர் அதைச் சௌகரியம் என்று நினைப்பதுதான் ஆபத்து. தட்டையான தரையில், சுமை ஏற்றிய நிலையில், ட்ரெய்லர் மட்டமாக நிற்கும் உயரத்தை அளந்து அதற்கேற்பக் கொக்கியை வைக்க வேண்டும்.

வைக்கும் இடமும் முக்கியம். பம்பர் தகட்டில் வெல்டு வைத்துத் தரும் பட்டறையைத் தவிர்க்கவும். சேஸின் இரண்டு நீளச் சட்டங்களையும் இணைக்கும் குறுக்குச் சேனல் போட்டு, அதில்தான் கொக்கி உட்கார வேண்டும். சட்டத்தின் நடுச்சுவரில் துளை போடலாம். மேல், கீழ் விளிம்பில் போட்டால் விரிசல் அங்கிருந்தே தொடங்கும். போல்ட் 8.8 கிரேடுக்குக் குறையக் கூடாது. கொக்கியில் மாட்டும் ட்ரெய்லர் மூக்கு வளையத்தின் உள்விட்டம் நேட்டோ அளவில் 76 மி.மீ. கையில் வந்ததை வெர்னியர் வைத்து அளந்து, அதற்குப் பொருந்தும் பின்டில் கொக்கியையே (வளையத்தைத் தாடை போல் மூடிப் பிடிப்பது) தேடவும். வளையம் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் வெல்டு போட்டு நிரப்பாமல் மாற்றிவிடுங்கள். அடித்துச் செய்த இரும்பு, வெல்டு சூட்டில் பலம் இழக்கும். கொக்கியோ வளையமோ இரண்டில் ஒன்றாவது சுழல வேண்டும். இரண்டும் இறுகி நின்றால், வாய்க்கால் மேட்டில் ட்ரெய்லர் ஒரு பக்கம் சாயும்போது முறுக்கு முழுவதும் ஏர்க்கால் வெல்டில் போய் நிற்கும்.

முன்பாரம், பின்பாரம் கணக்கு மாட்டுவண்டிக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும்; பெட்டியும் சுமையும் 1,500 கிலோ என்றால் 150 முதல் 225 கிலோ. இதை எடை மேடையிலேயே பார்த்துவிடலாம். ட்ரெய்லரைக் கழற்றி, வளையத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்து மட்டமாக நிறுத்தி, முழுதாக ஒரு முறை; முட்டு மட்டும் மேடைக்கு வெளியே இருக்கும்படி இன்னொரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கொக்கி எடை. பிக்கப்பின் சுமைத் திறனில் இந்த எடையையும் கழிக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பின்பாரமானால் மாட்டுவண்டியில் நுகம் தூக்கும். இங்கே வால் ஆடும். பணகுடி தாண்டிக் காவல்கிணறு பக்கம், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று குறுக்கே அடிக்கும் ஆடி மாதத்தில், தார்ப்பாய் கட்டிய ட்ரெய்லரில் அந்த ஆட்டம் எளிதில் அடங்காது. ஆடத் தொடங்கினால் பிரேக்கை அழுத்தாமல் ஆக்சிலரேட்டரை மட்டும் விட வேண்டும்.

தண்ணீர் டேங்க் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1,000 லிட்டர் என்றால் 1,000 கிலோ, டேங்க் எடை தனி. பாதி நிரப்பிய டேங்க் நிறைந்ததைவிட மோசம். தண்ணீர் முன்னும் பின்னும் ஓடி ஒவ்வொரு பிரேக்குக்கும் வண்டியை ஒரு தள்ளு தள்ளும்.

கரண்ட் விஷயம் சுலபம். ட்ரெய்லர் 24 வோல்ட், பொலிரோவும் 407உம் 12 வோல்ட். பழைய பல்பை விட்டுவைத்தால் மங்கலாய் எரியும், பின்னால் வருபவருக்கு இண்டிகேட்டர் தெரியாது. 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் எல்இடி விளக்கு போட்டால் சக்திமானிலும் மாட்டலாம், பிக்கப்பிலும் மாட்டலாம். எர்த்துக்குத் தனி வயர் இழுக்கவும். கிரீஸ் பூசிய கொக்கி வழியாக எர்த் எடுத்தால், குழிக்குக் குழி விளக்கு கண்ணடிக்கும்.

பிரேக்கில்தான் அதிக ஏமாற்றம். சிலவற்றில் ஹேண்ட் பிரேக் மட்டுமே உண்டு; சிலவற்றில் ட்ரெய்லர் முன்னே தள்ளும்போது தானாகப் பிடிக்கும் ஓவர்ரன் பிரேக். யார்டில் வருடக்கணக்கில் நின்றதால் தள்ளுதண்டு துருவேறி இறுகியிருக்கும், லைனர் கண்ணாடி போல் ஆகியிருக்கும். டிரம்மைக் கழற்றாமல் விலை பேச வேண்டாம். ரிவர்ஸ் எடுக்கையில் ஓவர்ரன் பிரேக்கைத் தடுக்கும் பூட்டு வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். பேரிங்கைப் புது கிரீஸ் வைத்து, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு கால் சுற்றுக்குள் தளர்த்தி ஸ்பிளிட் பின் போடவும். முதல் 20 கிலோமீட்டரில் நிறுத்தி ஹப்பைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியாவிட்டால் கழற்ற வேண்டியதுதான்.

சில சக்கரங்களில் ரிம் இரண்டு பாதியாக, போல்டால் சேர்த்ததாக இருக்கும். அதில் நட்டுகள் இரண்டு வட்டம்: ஒன்று ஹப்போடு சேர்ப்பது, மற்றது ரிம் பாதிகளைச் சேர்ப்பது. காற்று இருக்கும்போது இரண்டாவதைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பறக்கும், ஆளைக் கொல்லும். பஞ்சர் கடைப் பையன்களுக்கு இது தெரியாது. ரிம் நட்டுகளுக்குச் சிவப்பு அடித்து வையுங்கள். டயரின் பூ எவ்வளவு ஆழம் இருந்தாலும், பக்கவாட்டு நான்கு இலக்கத்தில் உள்ள, டயர் தயாரான வாரம், வருடத்தைப் படியுங்கள்.

எதற்குப் பின்னால் சரி? 1996 வரை ஜபல்பூரில் வந்த சக்திமானுக்கு இது பொம்மை. உதிரி பாகத்துக்கு அலைவது மட்டுமே தொல்லை. 407க்குச் சுமையோடு தாராளமாகத் தரலாம். பொலிரோவுக்கு அரைச் சுமை, அதுவும் சமதளம். பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும் மலைச்சாலைக்கு ட்ரெய்லரில் பிரேக் இல்லாமல் வேண்டாம். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குவது.

பச்சை பெயிண்டுக்கு ஆசைப்பட்டு வாங்குகிறவர்களுக்கு: மத்திய மோட்டார் வாகன விதி 121இன்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறைக்கு மட்டுமே, அடித்தே ஆக வேண்டும் வேறு நிறம். ட்ரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும். ராணுவத்திலிருந்து கழித்த வண்டிக்குப் படிவம் 21இல் அசல் விற்பனைச் சான்று கேட்பார்கள். மூன்று கை மாறிய ட்ரெய்லரில் அந்தத் தாள்தான் முதலில் காணாமல் போயிருக்கும். அது இல்லாவிட்டால் பழைய இரும்பு எடை விலைக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.