வாதாடியவர், பேனாவை மூடியவர், கடிதம் எழுதியவர்

"தம்பி, எம் புக்குல கையெழுத்தைப் போட்டுடு, மத்ததை நான் பாத்துக்கறேன்." எம் புக் என்றால் மெஷர்மென்ட் புக், செய்த வேலையின் அளவுகளைப் பதியும் ஏடு. அதை வைத்துத்தான் பில் பாஸ் ஆகும். சாலை வேலையில் இருக்கும் பொறியாளர்கள் ஒருமுறையாவது இதைக் கேட்டிருப்பார்கள். எனக்கு வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடமே வந்தது. 15 செ.மீ. கனம் இருக்க வேண்டிய காங்கிரீட் 12 செ.மீ.தான் இருந்தது. நான் 12 என்று எழுதிவிட்டேன். அதை 15 ஆக்கச் சொன்னார்கள்.

அந்த நேரத்தில் கையில் இருப்பவை நான்கு வழிகள். வாதாடலாம், கையெழுத்து மறுக்கலாம், வேலையை விடலாம், வெளியே சொல்லலாம். எது மேல் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது, 1986-ல் சிதறிப்போன அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம்தான். ஒரே நிறுவனத்தின் இரண்டு பொறியாளர்கள், ஒரே இரவில், இரண்டு வழிகளில் போனார்கள்.

சேலஞ்சரின் பக்கவாட்டு ராக்கெட்டுகளைச் செய்தது மார்ட்டன் தயோகால் நிறுவனம். ராக்கெட் துண்டுகள் சேரும் இடத்தில் ரப்பர் வளையங்கள் உண்டு. குளிரில் ரப்பர் விறைத்துப் போனால் சூடான வாயு கசியும். அங்கே வேலை பார்த்த ரோஜர் பாய்ஸ்ஜோலி, உயிரிழப்பு நேரலாம் என்று 1985 ஜூலையிலேயே மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். 1986 ஜனவரி 27 இரவு, நாசாவுடன் தொலைபேசிக் கூட்டம். ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் விளக்கப் படங்களை ஃபேக்ஸில் அனுப்பி வாதாடினார்கள். நாசா அதிருப்தி காட்டியது. நிறுவனத்தார் கொஞ்ச நேரம் தனியே பேசினார்கள். பொறியியல் பிரிவின் தலைவரிடம், "பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியை மாட்டிக்கொள்" என்றார் உயரதிகாரி ஒருவர். முடிவு மாறியது.

வாதாடுவதில் உள்ள சிக்கல் இதுதான். எவ்வளவு நன்றாகப் பேசினாலும் முடிவெடுக்கும் நாற்காலி வேறொருவருடையது.

அதே நிறுவனத்தின் இன்னொரு பொறியாளர் ஆலன் மெக்டொனால்ட் அன்று புளோரிடாவில், ஏவுதளத்தில் இருந்தார். ஏவலாம் என்று நிறுவனத்தின் சார்பில் ஒப்பமிட வேண்டியவர் அவர். மறுத்துவிட்டார். சரி, அதனால் ராக்கெட் நின்றதா? இல்லை. நிறுவனம் இருந்த யூட்டா மாநிலத்திலிருந்து அவருடைய மேலதிகாரி கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸ் அனுப்பினார். மறுநாள் புறப்பட்ட 73 வினாடிகளில் விண்கலம் சிதறியது, 7 பேர் இறந்தார்கள்.

அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கலாம். அன்றைய இரவை மட்டும் பார்த்தால் ஒன்றுதான். வித்தியாசம் அப்புறம் தெரிந்தது. விசாரணை ஆணையத்தின் மூடிய அமர்வில் மெக்டொனால்ட் எழுந்து, ஏவ வேண்டாம் என்றே நாங்கள் முதலில் சொன்னோம் என்று உடைத்துப் பேசினார். கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தப் பேச்சு வாயில் வந்திருக்காது. நிறுவனம் அவரைப் பொறுப்பிலிருந்து இறக்கியது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு கிளம்பியதும் பதவியைத் திருப்பிக் கொடுத்தது. ராக்கெட் இணைப்பைத் திருத்தி வடிவமைக்கும் பணிக்கும் அவரே தலைமை தாங்கினார். ஆணையத்திடம் தன் குறிப்புகளைக் கொடுத்த பாய்ஸ்ஜோலி, சக ஊழியர்களால் ஒதுக்கப்பட்டு வேலையை விட்டு வெளியேறினார்.

ராஜினாமாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மனசாட்சிக்கு நல்லது. ஆனால் அந்த நாற்காலியில் நாளைக்கே இன்னொருவர் உட்காருவார், பேனா அவரிடம் இருக்கும்.

வெளியே சொல்வது வேறு கதை. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில், ஜார்க்கண்டின் கோடர்மாவில் வேலை பார்த்த பொறியாளர் சத்யேந்திர துபே, அங்கு நடந்த முறைகேடுகளைப் பற்றி 2002-ல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு மேஜை மேஜையாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்றது சிபிஐ. குடும்பத்தார் அதை ஏற்கவில்லை.

அதன் பிறகுதான், 2004-ல், மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தை (சிவிசி) இத்தகைய புகார்களுக்கான இடமாக அரசு ஆக்கியது. மூடிய உறை, அதன் மேல் 'பிஐடிபிஐ' (PIDPI, பொதுநலன் கருதித் தகவல் தருபவரைக் காக்கும் அரசுத் தீர்மானத்தின் ஆங்கிலச் சுருக்கம்) என்ற குறிப்பு, அனுப்புநர் பெயர் உறைக்குள் மட்டும். மொட்டைக் கடிதத்தை இந்த வழியில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மத்திய அரசு சார்ந்த வேலையில் இருப்பவர்கள் இந்த முறையைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆனால் கையில் ஆதாரத் தாள் இல்லாமல் இந்தப் பக்கம் போகாதீர்கள். அந்தத் தாள், பெரும்பாலும், நீங்கள் கையெழுத்துப் போட மறுத்த இடத்தில்தான் பிறக்கும். அதனால்தான் நான்கில் எனக்கு இரண்டாவது வழிமேல் சாய்வு. உயிருக்கு ஆபத்தான விஷயம் என்றால் மட்டும் அதோடு நிற்கக் கூடாது, அன்றே இன்னொரு கதவையும் தட்ட வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். நான் மறுத்த மூன்றாம் நாள் வேறொருவர் புதிதாக 'அளந்து' பில் பாஸ் ஆகிவிட்டது. என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். ஆனால் எம் புக்கில் பக்க எண் அச்சிட்டிருக்கும், கிழிக்க முடியாது, அழித்தெழுதவும் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்த என் 12, கோட்டுக்குக் கீழே இன்னும் படிக்கிற மாதிரியே இருக்கிறது.