பெரிய மார்பு, ஒடுங்கிய தோள்: ஸ்ட்ரெச் ரவிக்கையா, தைத்த ரவிக்கையா?

மார்புக்குப் பார்த்து ரெடிமேட் ரவிக்கை வாங்கினால் தோள் சரிகிறது, தோளுக்குப் பார்த்து வாங்கினால் கொக்கிகளுக்கு நடுவே இடைவெளி தெரிகிறது. இந்த உடல்வாகு உள்ள பலர் அலுத்துப்போய் ஸ்ட்ரெச் ரவிக்கைக்குப் போவதில் ஆச்சரியமே இல்லை.

அது வசதிதான். தலை வழியாக மாட்டினால் முடிந்தது, கொஞ்சம் எடை கூடினாலும் தாங்கும். ஆனால் பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்த துணி, வியர்வையை உறிஞ்சாது. சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் கோயில் வரிசையில் நிற்கும்போது அக்குளில் அரிப்பு வந்துவிடும். மார்பை அமுக்குமே தவிர வடிவம் தராது. கனமான பட்டு முந்தானையைப் பின் குத்தினால் தோள் பக்கம் துணி இழுபடும்.

தைத்த ரவிக்கை செலவும் அலைச்சலும்தான், ஆனாலும் என் ஓட்டு அதற்கே. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சென்டர் மாடியில் தையல் கடைகள் இருக்கின்றன. புடவைக்குள் போடப்போகும் அதே பிராவோடு போய் அளவு கொடுங்கள், மார்புக்குக் கீழ்ச் சுற்றளவையும் தனியாக எடுக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் பலருக்கு ரவிக்கை தொளதொளப்பது அங்கேதான். பெரிய மார்புக்குப் பிரின்சஸ் கட் (டார்ட்டுக்குப் பதில் மார்பின் வளைவோடு கீழே இறங்கும் நீளத் தையல்) அழகாகப் பொருந்தும். பருத்தி லைனிங்கை நனைத்துக் காயவைத்துத் தைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கும். உள்ளே இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் துணி விடச் சொன்னால் பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

அப்புறம், தீபாவளி நெருக்கத்தில் போகாதீர்கள், இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். அவசரத்துக்கு மட்டும் கறுப்பில் ஒரு ஸ்ட்ரெச் ரவிக்கை அலமாரியில் இருக்கட்டும்.