வான் வண்டிக்கு எந்தக் கொக்கி: நிலையானதா, கழற்றுவதா?

குடும்ப வானின் பின்னால் சின்ன ட்ரெய்லர் கட்டுவதென்றால் முதல் கேள்வி இதுதான்: சேசிஸோடு ஒரேயடியாக இறுக்கிவிடும் கொக்கியா, தேவைக்கு மாட்டும் கொக்கியா?

நிலையானது விலை குறைவு, ஆட்டமும் இல்லை. ஆனால் வெள்ளவத்தைக் குறுக்குத் தெருவில் வானை நிறுத்திப் பாருங்கள். ட்ரெய்லரை மாட்டுவதற்காகப் பம்பருக்கு வெளியே நீட்டி நிற்கும் அந்த இரும்புக் குண்டில் எங்கள் சின்னவன் முழங்காலை இடித்துக்கொண்ட நாளோடு எனக்கு அதில் இருந்த ஆசை போய்விட்டது. ரிவர்ஸ் சென்சரும் சிலவேளை அதையே தடையென்று எண்ணிக் கத்தும்.

கழற்றும் வகையில் சதுரக் குழாய் மட்டுமே வண்டியோடு இருக்கும். குண்டுள்ள தண்டைச் செருகிக் குறுக்கே பின்னைப் போட்டால் சரி. சைக்கிள் தாங்கியையும் அதிலேயே செருகலாம். கடற்காற்றுதான் இதற்கு எதிரி. கிரீஸ் பூசாமல் விட்டால் தண்டு குழாய்க்குள் துருவேறி இறுகிவிடும்; அப்புறம் சுத்தியல்தான். குழாய் வாய்க்கு ரப்பர் மூடி போடுங்கள்.

என் தேர்வு கழற்றும் வகையே. பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் பழையது வாங்கினால் வெல்டிங்கில் வெடிப்பு இருக்கிறதா என்று நன்றாக உற்றுப் பாருங்கள். குண்டு 50 மில்லிமீட்டர் என்றால் அதன்மேல் உட்காரும் ட்ரெய்லரின் கிண்ணமும் அதே அளவாக இருக்க வேண்டும். பெரிய கொக்கி போட்டதால் வான் இழுக்கக்கூடிய எடை அதிகரித்துவிடாது. கையேட்டில் உள்ளதுதான் எல்லை.