குமிழ் ரெண்டு ரெண்டா போவுது: பழைய சாம்ப்ளர் பெட்டியோடு நெடுநாள் அனுபவம்

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தான்: "ண்ணா, புது மாடல் வந்ததுல உங்ககிட்ட இருக்கிற பெட்டி செகண்ட்ஸ்ல பாதி விலைக்கு வருது. வாங்கவா? பிளாக் நெஜமாவே போவுமா?" பெட்டி என்றால் சாம்ப்ளர், ஒலியைத் துண்டு துண்டாகப் பதிந்து தட்டி வாசிக்கும் கருவி. பிளாக் என்றால் சொந்தப் பாட்டை முடிக்க முடியாமல் நிற்பது. போன மாதம் கேட்டிருந்தால் யோசிக்காமல் வாங்கு என்றிருப்பேன். இப்போதுதான் பெட்டி ரிப்பேர் முடிந்து வந்திருக்கிறது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

மாடல் பெயர் போடவில்லை. கம்பெனியின் சர்வீஸைப் பற்றி நாலு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. தட்டி வாசிக்க 16 பேட், ஒரே ஒரு பெரிய குமிழ், தீப்பெட்டி சைஸ் ஸ்க்ரீன், பேட்டரியிலும் ஓடும் என்றாலே வைத்திருப்பவர்களுக்குப் புரிந்துவிடும்.

பிளாக் என்றால் ஒன்றுமே தோன்றாமல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்குத் தோன்றிக்கொண்டேதான் இருந்தது. ஆடி மாத அம்மன் பாட்டு, கல்யாண வீடியோ டைட்டில், நகைக்கடை கேபிள் விளம்பரம் இதெல்லாம் தேதி சொல்லிவிட்டுப் போவார்கள், முடித்துக் கொடுத்துவிடுவேன். சொந்தப் பாட்டுதான் எட்டு பாரை, அதாவது எட்டுத் தாளச் சுற்றை, தாண்டாது. லேப்டாப்பில் லூப் போடுவேன், நன்றாகத்தான் இருக்கும், அடுத்த பகுதிக்குப் போகாமல் அதையே கேட்டுக்கொண்டிருப்பேன். ஸ்னேர் டிரம் ஒலி சரியில்லை என்று வேறு தேடப் புகுந்தால் ராத்திரி ரெண்டு மணிக்கு, முதலில் கேட்டதே தேவலாம் என்று தோன்றும். அது எந்த ஃபோல்டரில் இருந்தது என்பது மறந்திருக்கும். காலையில் புது புராஜெக்ட், மறுபடி 120 டெம்போ (நிமிஷத்துக்கு 120 அடி), மறுபடி எட்டு பார்.

பெட்டி இதை எப்படி நிறுத்தியது என்றால், கையில் எதையும் அதிகம் கொடுக்காமல். ஒரு பாட்டுக்குள் அடங்கும் மொத்த ஒலியும் ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் போகாது. அன்டூ ஒரு படிதான். இடம் தீர்ந்தால் ரெண்டு மூன்று பேடைச் சேர்த்து வாசித்து, அதையே ஒரே சாம்பிளாகப் பதிந்துகொண்டு, பழசை அழிக்கவேண்டும். அழித்தால் அழித்ததுதான். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று எதையும் தள்ளிப்போட முடியாது.

இதையே குறையாகச் சொல்லி மூக்கைச் சுளிப்பவர்களுக்கு: 1987-ல் வந்த ஈ-மு எஸ்.பி. 1200 என்ற சாம்ப்ளரில் மொத்த சாம்பிள் நேரமே சுமார் 10 விநாடி. நியூயார்க் ஹிப்-ஹாப் பையன்கள் 33 ஆர்.பி.எம். இசைத்தட்டை 45-ல் ஓடவிட்டு வேகமாகப் பதிந்து, பெட்டிக்குள் சுருதியை இறக்கி இடத்தை மிச்சம் பிடித்தார்கள். இறக்கும்போது 12 பிட் பதிவின் கரகரப்பு சேர்ந்துகொண்டது. பிற்பாடு அந்தக் கரகரப்புக்காகவே பிளக்-இன் விற்றுப் பிழைக்கிறது ஒரு கூட்டம்.

நானும் அந்த வேலையைத்தான் பம்பை மேளத்தில் செய்தேன். மாசி மகத்தன்று எங்கள் கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குச் சுற்றுப்பக்கத்து ஊர்ச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வரும். ஒவ்வொரு சாமிக்கும் முன்னால் ஒரு மேளம். போனில் பதிந்து வந்து, வேகத்தை ஏற்றிப் பெட்டியில் விட்டு, உள்ளே இறக்கினால், பம்பையின் தடித்த பக்கம் வயிற்றில் இடிக்கிற மாதிரி வருகிறது. பின்னணியில் அலை, யாரோ ஒருவர் "தள்ளு தள்ளு" என்று கத்துவது எல்லாம் கூடவே இறங்கி, என்ன என்று சொல்லமுடியாத ஒரு உறுமலாக மாறிவிடும். லேப்டாப்பாக இருந்தால் நாய்ஸ் ரிமூவல் போட்டு அதைக் கொன்றிருப்பேன். இங்கே அந்த பட்டனே இல்லை.

அடுத்தது ஸ்விங். ரோஜர் லின் வடிவமைத்து அகாய் 1988-ல் கொண்டுவந்த எம்.பி.சி. 60-லிருந்து பேட் பெட்டிகள் பலவற்றிலும் தொடர்ந்து வரும் கணக்கு இது: ஒவ்வொரு ரெண்டாவது பதினாறாம் நோட்டையும் எவ்வளவு தாமதப்படுத்துவது என்பதுதான் அந்த எண். 50 என்றால் நேர், 66 என்றால் நம் கணக்கில் திஸ்ரம், மூன்றாகப் பிரியும் நடை. நம் ஊர் அடி இந்த ரெண்டிலும் உட்காராது, நடுவில் எங்கோ தொங்கும். எனக்கு 58-லிருந்து 62-க்குள் அகப்படுகிறது. லேப்டாப்பிலும் ஸ்விங் இருக்கிறதே என்பாய். இருக்கிறது. ஆனால் அங்கே நோட்டு நகர்வதைக் கண் பார்க்கிறது, பார்த்ததும் கை அதைக் கோட்டில் கொண்டுபோய் ஒட்டவைக்கிறது. தீப்பெட்டி ஸ்க்ரீனில் பார்க்க ஒன்றும் கிடையாது. கேட்டுத்தான் ஆகவேண்டும். பிளாக் உடைந்ததற்கு ஒரே ஒரு காரணம் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, உங்கள் ஊரில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, எங்கள் பக்கம் பிறகு தென்பெண்ணை வெள்ளம் வேறு வந்தது. கரண்ட் இல்லை, நெட் இல்லை. பேட்டரியில் இந்தப் பெட்டி மட்டும் ஓடியது. முழுசாக முடித்த என் முதல் சொந்தப் பாட்டு அந்த நாட்களில் வந்ததுதான். இவ்வளவும் பாராட்டு. மறுக்கவில்லை.

இனி குமிழுக்கு வருகிறேன்.

டெம்போ, ஸ்விங், சாம்பிளின் தொடக்கம், சுருதி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே குமிழ்தான். அதன் அடியில் இருப்பது என்கோடர், குமிழ் திரும்புவதைப் பெட்டிக்கு எண்ணிச் சொல்லும் பாகம், உள்ளே சின்னச் சின்ன உலோகத் தொடுப்புகள். புதுப்பாளையத்தில் என் வீட்டு ஜன்னலைத் திறந்து வைத்தால் கடல் காற்று வரும். ஏ.சி. வாங்கும்போதே ஈரமும் உப்பும் காயிலைத் தின்னும் என்று இங்கே சொல்லித்தான் விற்பார்கள். கடலோர ஊர்களிலும் விற்கிற பெட்டிக்கு, பாட்டு செய்கிறவன் அதிகம் தொடும் ஒரே பாகத்தை இப்படித் திறந்த வாயோடு வைத்தவரை என்ன சொல்ல? 96-லிருந்து 97-க்குப் போகத் திருப்பினால் 101, பிறகு 94, பிறகு 99. பம்பையின் அடி தொடங்கும் இடத்தைப் பிடிக்க முன்னால் நகர்த்தினால் பின்னால் போகும். "விபத்திலிருந்துதானே கலை பிறக்குது" என்று ஒரு நண்பர் சொன்னார். அவர் வீட்டுக் குழாயில் ஒருநாள் அப்படித் தண்ணீர் வரட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம்.

சர்வீஸ் சென்டரில் கேட்டால் குமிழை மட்டும் மாற்றுவதில்லையாம், போர்டையே மாற்றவேண்டுமாம். அவர்கள் சொன்ன தொகைக்கு இன்னொரு செகண்ட்ஸ் பெட்டியே வாங்கலாம். திருப்பாப்புலியூரில் ஆம்ப்ளிஃபயர் பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னா சார், பெரிய கால்குலேட்டரா?" என்றார். ஆனால் வேலை சுத்தம். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்த விதத்தில் போர்டில் ஒரு கோடுகூட கருகவில்லை. அதே என்கோடர் கிடைக்கவில்லை, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து போர்டின் துளைகளுக்குக் கால் பொருந்துகிற ஒன்றை வரவழைத்துப் போட்டார்.

"சுத்துது பாருங்க, வெண்ணெ மாதிரி."

"சுத்துதுங்க. ஆனா ரெண்டு ரெண்டா போவுதே?"

"வேகமா போவுதுன்னு வெச்சுக்கங்க."

அவர் மேல் தப்பில்லை. பழையதில் ஒரு சுற்றுக்குக் கைக்குத் தெரியும் 24 க்ளிக், பெட்டிக்குப் போகும் 12 பல்ஸ் (மின் துடிப்பு). புதியதில் 24 க்ளிக், 24 பல்ஸ். ஒரு க்ளிக்கைப் பெட்டி ரெண்டாக எண்ணுகிறது. பலன், என் பெட்டியில் இனி ஒற்றைப்படை டெம்போவே கிடையாது. 96 உண்டு, 98 உண்டு. வேலை பார்த்துக்கொண்டிருக்கிற பாட்டோ 97. பாடுகிற அண்ணன் 96-ல் இழுக்கிறார், 98-ல் மூச்சு வாங்குகிறார். ரெண்டு க்ளிக்குக்கும் நடுவில் குமிழை விரலால் பிடித்து நிறுத்தினால் 97 நிற்கும். விட்டால் ஏதாவது ஒரு பக்கம் விழுந்துவிடும். அதனால் இடது கையால் குமிழைப் பிடித்தபடியே வலது கையால் பேட் வாசிக்கிறேன். எனக்கு ஒரு கை குறைந்துபோனது.

லேப்டாப்பிலிருந்து மிடி க்ளாக், அதாவது டெம்போவைச் சொல்லும் சிக்னல், அனுப்பலாமே என்று கேட்பாய். கால் நோட்டுக்கு 24 பல்ஸ் அது அனுப்பும், பெட்டி அதைப் பின்தொடரும், 97 என்ன, 97.3-கூட வரும். அனுப்பிப் பார்த்தேன். லேப்டாப் திறந்த கையோடு ஒரு ஸ்னேரைத் தேடினேன். ராத்திரி போச்சு.

ஆகவே தம்பி, கேட்ட கேள்விக்கு: வாங்காதே. பிளாக் போகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் லாஸ்பேட்டைக்கும் கடல் தூரமில்லை, அந்தக் குமிழ் உனக்கும் போகும். உன் லேப்டாப்பிலேயே எட்டு ட்ராக் மட்டும் உள்ள ஒரு டெம்ப்ளேட் செய்துகொள், அன்றன்றைக்கு வாசித்ததை அன்றே ஆடியோவாக மாற்றிவிட்டு, திருத்த வசதியான மிடி நோட்டுக் குறிப்பை அழி, ஸ்க்ரீனைத் துண்டு போட்டு மூடு. ஒரு பைசா செலவில்லை. எனக்கு அது ஒருநாளும் முடிந்ததில்லை, உனக்கு முடியலாம்.

இல்லை, வாங்கியே தீருவேன் என்றால், விற்கிறவர் வீட்டுக்கு நேரில் போ. டெம்போவை 90-லிருந்து 110 வரை ஒவ்வொரு க்ளிக்காக ஏற்று, அப்படியே இறக்கு. ஒரு எண்கூடத் தாண்டக்கூடாது. தாண்டினால் விலையில் ரெண்டாயிரம் குறைக்கச் சொல். என்னுடையதைக் கொடுப்பேனா என்று மட்டும் கேட்காதே, கொடுக்கமாட்டேன்.