காயிலின் க்யூ எங்கே போகிறது? நானோவிஎன்ஏ: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

250 மைக்ரோஹென்றி காயில், கூடவே 100 பிகோஃபாரட் கெபாசிட்டர். 1 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு. மல்டிமீட்டரில் காயில் 1.4 ஓம் காட்டுகிறது. ஆனால் க்யூ (ஆற்றலை எவ்வளவு குறைவாக இழக்கிறது என்பதன் அளவு; கூடினால் நல்லது) 150தான் என்றால், சர்க்யூட்டில் பத்து ஓமுக்கு மேல் இருக்கிறது. மீதி ஒன்பது ஓமைத் தேடிப் பிடிக்கத்தான் நானோவிஎன்ஏ என்ற கையடக்க நெட்வொர்க் அனலைசரைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறோம். விலைக்கு மீறிய திறமையுள்ள கருவி. அளக்கும் முறை தப்பினால் மட்டும் கூசாமல் பொய் சொல்லும்.

முதல் எச்சரிக்கை: காயிலை நேராக முதல் போர்ட்டில் மாட்டி எஸ்11 (அதே போர்ட்டுக்குத் திரும்பி வரும் சிக்னல்) பார்க்காதீர்கள். 50 ஓம் கருவி, 1570 ஓம் ரியாக்டன்ஸுக்குள் (ஆற்றலை இழக்காத எதிர்ப்புக்குள்) சில ஓமைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. கேலிபரேஷனில் (அளவு சரிசெய்தலில்) துளி பிசகினாலும் க்யூ பாதியாகவோ இருமடங்காகவோ தெரியும்.

அதற்குப் பதில் எஸ்21: முதல் போர்ட்டிலிருந்து இரண்டாவது போர்ட்டுக்குப் போய்ச் சேரும் சிக்னல். மூன்று சென்டிமீட்டர் விட்டத்தில் ஒற்றைச் சுற்று வளையம் இரண்டு செய்து, ஒவ்வொரு போர்ட்டிலும் ஒன்றாக, கெபாசிட்டரோடு இணைத்த காயிலின் இரு பக்கமும் தள்ளி வையுங்கள். திரையில் ஒத்ததிர்வில் எழும் உச்சி மைனஸ் 40 டெசிபெல்லுக்குக் கீழே இறங்கும் வரை வளையங்களை விலக்குங்கள். அப்போது கருவியின் சுமையால் வரும் பிழை ஒரு சதவீதத்துக்குள் அடங்கிவிடும். உச்சியிலிருந்து இரு பக்கமும் 3 டெசிபெல் இறங்கும் இடங்களுக்கு நடுவே உள்ள அகலத்தால் அதிர்வெண்ணை வகுத்தால் க்யூ. உச்சி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், வளையங்கள் ஒன்றோடொன்று நேராகப் பேசுகின்றன என்று அர்த்தம். காயிலை எடுத்துவிட்டுப் பார்த்தால் அது உடனே தெரியும்.

பழைய மாடல்களில் ஒரு ஸ்வீப்புக்கு (அதிர்வெண் வரம்பை ஒருமுறை ஓடி அளப்பதற்கு) 101 புள்ளிகள்தான். க்யூ 400 என்றால் அகலம் வெறும் 2.5 கிலோஹெர்ட்ஸ். 200 கிலோஹெர்ட்ஸ் ஸ்பானில் (அளக்கும் மொத்த வரம்பில்) புள்ளிக்குப் புள்ளி 2 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விழுவதால் உச்சியே தப்பிவிடும். ஸ்பானை 20 கிலோஹெர்ட்ஸுக்குக் குறையுங்கள். யுஎஸ்பி கேபிளையும் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள்.

இந்தக் கருவியில் நாங்கள் மிகவும் மதிப்பது, மாற்றத்தைக் கண்ணெதிரே காட்டுவதைத்தான். சந்தேகப்படும் பொருளைக் காயிலுக்கு அருகே கொண்டுபோய், உச்சி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். உச்சி தாழ்ந்து, அதிர்வெண்ணும் குறைந்தால் குற்றவாளி மின்காப்புப் பொருள்: பிவிசி குழாய், ஈரம் ஏறிய அட்டை, வார்னிஷ். உச்சி தாழ்ந்து அதிர்வெண் கூடினால் அருகில் செம்போ அலுமினியமோ இருக்கிறது; சுழல் மின்னோட்டம் இண்டக்டன்ஸைக் குறைத்து, ஆற்றலையும் தின்கிறது. காயில் சுற்றிய அதே குழாயில் ஒரு துண்டு வெட்டி உள்ளே நுழைத்துப் பாருங்கள். உச்சி தெளிவாக இறங்கினால் ஃபார்மரை, அதாவது காயில் சுற்றிய அந்தக் குழாயை, மாற்றியே ஆக வேண்டும். பாலிஸ்டைரீனோ பாலிப்ரொப்பிலீனோ நல்லது. காயிலின் விட்டம் அளவுக்காவது சுற்றிலும் உலோகம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; இரும்பு மேசையும் கணக்கில் சேரும்.

பலர் கடைசியில் பார்ப்பது கெபாசிட்டரை. முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். எக்ஸ்7ஆர் என்ற செராமிக் வகையில் இழப்பு 2 சதவீதம் இருந்தால் அதன் க்யூ 50. காயில் 400 கொடுத்தாலும் சேர்ந்து 44தான் வரும். இழப்பு குறைந்த சி0ஜி செராமிக், சில்வர் மைக்கா, தட்டுகளுக்கு நடுவே காற்றுள்ள ஏர் வேரியபிள் இவற்றில் ஒன்றைப் போடுங்கள். ஏர் வேரியபிளில் ரோட்டரின் ஸ்பிரிங் தொடுமுனை அழுக்கேறி ஒரு ஓம் கூடினாலே 400 என்பது 320 ஆகிவிடும்.

அடுத்து லிட்ஸ் வயர்: தனித்தனியே காப்பிட்ட மெல்லிய இழைகளை முறுக்கிய கம்பி. 0.04 மில்லிமீட்டரில் 165 இழை, 16 மீட்டர் நீளம்: கணக்குப்படி சுமார் 1.4 ஓம். அளந்தால் 1.6 வருகிறதா? எட்டில் ஓர் இழை சால்டரில் ஒட்டவில்லை. மல்டிமீட்டரின் லீட் ரெசிஸ்டன்ஸே இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும் என்பதால், 100 மில்லியாம்ப் செலுத்தி மில்லிவோல்ட்டில் அளங்கள். லிட்ஸ் இல்லாமல் ஒற்றைக் கம்பி என்றால் சுற்றுகளை நெருக்கிச் சுற்றாதீர்கள். 1 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் 66 மைக்ரான் ஆழத்துக்குள்தான் பெரும்பாலும் ஓடுகிறது. பக்கத்துச் சுற்றின் காந்தப்புலம் அதையும் ஒரு ஓரத்துக்கு ஒதுக்கிவிடும்.

கருவியில் முதலில் தேய்வது கேபிள் மாட்டும் எஸ்எம்ஏ கனெக்டர்தான். சாதாரணமாக 500 தடவை மாட்டிக் கழற்றவே அதன் வடிவமைப்பு. இரண்டு போர்ட்டிலும் ஒரு சிறு அடாப்டரை நிரந்தரமாக மாட்டிவிட்டு, தேய்ந்ததும் அதை மட்டும் மாற்றுங்கள். 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே முதல் தலைமுறை மாடல்கள் ஹார்மோனிக்கில் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்கில்) ஓடுவதால் இரைச்சல் கூடும். இவ்வளவு தளர்வான இணைப்பில் அங்கே க்யூ அளக்க இந்தக் கருவி போதாது.