இலோயிலோவில் வெளியே சாப்பிட: சந்தை பாச்சோயா, மாங் இனாசாலா, கரிண்டெரியாவா?

பிலிப்பைன்ஸில் எந்த ஊருக்குப் போனாலும், "செயின் கடைப் பக்கமே தலைவைக்காதே, உள்ளூர்க்காரன் சாப்பிடுகிற இடத்துக்குப் போ" என்று புத்தி சொல்ல ஒருவர் இருப்பார். இலோயிலோவில் அந்தப் புத்தி செல்லாது. இன்று நாடு முழுக்கக் கிளை பரப்பியிருக்கும் மாங் இனாசால் என்ற சுட்ட கோழிக் கடை பிறந்ததே இங்கேதான், 2003இல், ஒரு மாலின் கார் நிறுத்துமிடத்தில். பாச்சோய் என்ற நூடுல்ஸ் சூப் விற்கும் டெகோஸும் டெட்ஸும் ஊருக்குள் லா பாஸ் பகுதிச் சந்தையில் சின்னக் கடையாகத் தொடங்கி, பிறகு கிளை விட்டவை. ஆக எது உள்ளூர், எது செயின் என்று பிரித்துப் பார்ப்பதில் இங்கே அர்த்தமில்லை. என்ன பசி, எத்தனை மணி, எவ்வளவு வியர்க்கத் தயார் என்பதுதான் கேள்வி. வேலை விஷயமாக ஏழு மாதம் அங்கே இருந்தவனின் கணக்கு இது.

முதலில் பாச்சோய். 2023இல் யுனெஸ்கோ இந்த ஊரை உணவுக்கலைக்கான படைப்பாக்க நகரமாகச் சேர்த்துக்கொண்டது, பிலிப்பைன்ஸிலேயே முதல் ஊராக. அதற்கு முன்னாலேயே இலோயிலோ என்றால் லா பாஸ் பாச்சோய்தான். மஞ்சள் நூடுல்ஸ், பன்றியின் ஈரல், சுவரொட்டி, குடல், மேலே நொறுக்கிய பன்றித்தோல் பொரியல், வறுத்த பூண்டு, கேட்டால் ஒரு பச்சை முட்டை, அதன்மேல் கொதிக்கக் கொதிக்க எலும்பு சூப். சூப்பில் கினாமோஸ் என்ற புளித்த இறால் விழுது கொஞ்சம் கரைத்திருப்பார்கள், அந்த ஆழமான உப்பு அதிலிருந்து வருவது. டெகோஸ் 1938இலிருந்து, டெட்ஸ் 1945இலிருந்து என்று பலகையிலேயே ஆண்டு போட்டிருக்கும். யார் முதலில் என்ற வழக்கு இன்னும் முடியவில்லை, அதில் நுழையாமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

சந்தைக்குள் இருக்கும் நெட்டோங்ஸ் போன்ற கடைக்கும் மாலில் இருக்கும் கிளைக்கும் என்ன வித்தியாசம்? சந்தையில் சூப்பின் சூடு. கண்ணெதிரே பெரிய அண்டாவில் கொதித்துக்கொண்டே இருக்கிறது, கிண்ணம் வந்ததும் கண்ணாடி மங்கிவிடும். தீர்ந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லலாம். ஆனால் மின்விசிறிக்குக் கீழே, முப்பத்திரண்டு டிகிரியில், பக்கத்தில் மீன் கடை வாடையோடு சாப்பிட வேண்டும். மாலில் ஏசி உண்டு, மேஜை துடைத்திருக்கும், சூப் கொஞ்சம் சோர்ந்திருக்கும். எனக்குச் சந்தைதான், அதுவும் காலை ஏழு மணிக்கு, தொட்டுக்கொள்ள ஒரு பாண்டெசால் ரொட்டியோடு. மாமிசம் சாப்பிடாதவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம். 'வெஜ் பாச்சோய்' கேட்டால் சிரிப்பார்கள், கோபமில்லாமல்.

மாங் இனாசால். 'மாங்' என்பது வயதில் மூத்தவரைக் கூப்பிடும் டகாலோக் மரியாதைச் சொல், நம் அண்ணாச்சி மாதிரி. இனாசால் என்றால் சுட்டது. எலுமிச்சைப்புல், கலமான்சி என்ற குட்டி எலுமிச்சை, வினிகர், இஞ்சியில் ஊறிய கோழியை, சிவப்பு நிறம் தரும் அன்னாட்டோ கொட்டை போட்ட எண்ணெய் தடவிக் கரியில் சுடுவது. இந்தப் பண்டம் எங்களுடையது என்று கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பகோலோட்காரர்கள் சொல்வார்கள், அது நியாயம்தான். கடையைத் தொடங்கிய எட்கார் சியா 2010இல் எழுபது சதவீதத்தை ஜாலிபீ என்ற துரித உணவு நிறுவனத்துக்கு 300 கோடி பேசோவுக்கு விற்றார், மீதியும் 2016இல் போனது.

இவ்வளவு வளர்ந்ததற்குக் கோழி மட்டும் காரணமில்லை, சோறு. சாதாரணக் கடையில் சோற்றைக் கப் கணக்கில் எண்ணிக் காசு வாங்குவார்கள். இங்கே 'அன்லி ரைஸ்' என்றால் வாளியோடு ஒருவர் சுற்றிவந்து போட்டுக்கொண்டே இருப்பார், கிட்டத்தட்ட நம் கல்யாணப் பந்தி. 2017இல் ஒரு செனட்டர், சிந்தியா வில்லார், அளவில்லாச் சோறு உடம்புக்கு ஆகாது, தடுக்கலாமா என்று பேசப்போய் நாடே அவர்மேல் பாய்ந்தது. மேஜையில் இருக்கும் கோழி எண்ணெயைச் சோற்றில் ஊற்றி, சோயாவும் கலமான்சியும் மிளகாயும் கலந்து பிசைந்தால் கோழி இல்லாமலே இரண்டு கப் இறங்கும். கையால் சாப்பிட்டால் யாரும் முறைக்கமாட்டார்கள். கோழியில் நெஞ்சு எடுக்காதீர்கள், எனக்குப் பாதி நாள் வறண்டுதான் வந்தது. கால் கேளுங்கள். பசியோடு நாலு பேர் போனால் இதைவிடக் கட்டுப்படியாகும் இடம் கிடையாது, தனியாகப் போனால் இரைச்சல் ஜாஸ்தி. நேரமும் வண்டியும் இருந்தால் வில்லா அரெவாலோவில் கடற்கரையோரம் டாட்டோய்ஸ் இருக்கிறது, நாட்டுக்கோழி. அது ஞாயிற்றுக்கிழமைக் குடும்பக் கூட்டத்துக்கான இடம், மதிய இடைவேளைக்கு ஓடிப்போக முடியாது.

சரி, என் ஓட்டு கரிண்டெரியாவுக்கு. தெருவோரச் சாப்பாட்டுக்கடை அது, பானைகள் வரிசையாக இருக்கும், மூடியைத் திறந்து பார்த்து விரலைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் மெனு. நான் போன கடையில் அந்தம்மாவை எல்லாரும் 'நாங்' என்பார்கள், அக்கா மாதிரி. அவர் என்னை 'தோ' என்பார், தம்பி மாதிரி. முதல் நாள் மூடியைத் திறந்தவர் 'காடியோஸ்' என்று ஒன்றைக் காட்டினார். பார்த்தால் துவரை! முழுத் துவரையைப் பலாக்காயும் பன்றிக்கறியும் போட்டுக் கருஞ்சிவப்பாகக் காய்ச்சியிருந்தார்கள். புளிப்புக்குப் பாதுவான் என்ற காய், அது நம் குடம்புளிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். இதிலேயே கோழியும் வாழைத்தண்டும் போட்டு இன்னொரு வகை உண்டு. லாஸ்வா என்ற காய்த் தண்ணிக்குழம்பில் வெண்டை, கத்தரி, பூசணி, பீர்க்கு, முருங்கைக்கீரை. முருங்கைக்கு அவர்கள் சொல்லும் பேர் 'மாலுங்காய்', கேட்டதும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. காரம் மட்டும் கிடையாது, பச்சைமிளகாயும், மிளகாய் ஊறிய சினாமாக் வினிகரும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

குறையும் உண்டு. சமைப்பது காலையில், பன்னிரண்டரைக்குள் போகாவிட்டால் ஆறிப்போன பானையின் அடிதான் மிஞ்சும். லாஸ்வா 'வெறும் காய்' என்று நம்பி ஒரு வாரம் சைவ நண்பரைக் கூட்டிப்போனேன், எட்டாம் நாள் கரண்டியில் ஒரு குட்டி இறால் மிதந்துவந்தது. நாங் பொய் சொல்லவில்லை, அவர் கணக்கில் இறால் உப்பு மாதிரி. ஒரு காய், ஒரு மீன், இரண்டு கப் சோறு, எல்லாம் சேர்த்து நூறு பேசோவைச் சுற்றித்தான் வரும்.

காபி ஒரு வரிக்கு மேல் வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எஸ்பிளனேட் நதியோரமும் மெகாவேர்ல்டு வணிக வளாகப் பக்கமும் கஃபேக்களுக்குக் குறைவில்லை, லேப்டாப்போடு மூன்று மணி நேரம் உட்கார ஏசி, வைஃபை எல்லாம் தருவார்கள். அதற்குத்தான் காசு, ஒரு காபி விலையில் சந்தையில் பாச்சோயே சாப்பிடலாம். லா பாஸ் சந்தையில் மாட்ஜ் கடை துணி வடிகட்டியில் ஊற்றி இறக்கும் காபி நம் டீக்கடைக்காரருக்குப் புதிதாக இருக்காது. அங்கே வயதானவர்கள் அரசியல் பேசிக்கொண்டிருப்பார்கள், லேப்டாப்பைத் திறக்க நமக்கே கூச்சமாக இருக்கும்.

பில் கேட்க எங்கேயும் கூப்பிட வேண்டாம், இரண்டு விரலால் காற்றில் ஒரு சதுரம் வரைந்தால் போதும். கரிண்டெரியாவில் அதுவும் வேண்டாம். நாங் நிமிர்ந்து பார்க்கும்போதே மனக்கணக்கை முடித்திருப்பார்.